திகதியிட்ட பிரதிகள்: ஊரின் ஆவணங்களுக்கு ஒரு சிறு பேட்ச் கோப்பு

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணினி வலையமைப்பை ரான்சம்வேர் எனப்படும் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சலைப் பாவித்த ஏறத்தாழ 5,000 கணக்குகள் பூட்டுண்டன. பன்னிரண்டு மணிநேரத்துக்குள் சேவை திரும்பியது. ஆனால் அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பவில்லை. அந்த நூறு நாட்களுக்கு எவரிடமும் பிரதி இருக்கவில்லை. வலையமைப்போடு இணைந்திருந்த பிரதியும் மூலத்தோடு சேர்ந்தே பூட்டுண்டு போயிருந்தது. இனிமேல் நாளாந்தம், இணைப்பில்லாத ஓரிடத்தில் பிரதி எடுப்போம் என்று பொறுப்பான நிறுவனம் பின்னர் அறிவித்தது.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் தரவுகளும் இதே அரச மேகத்திலிருந்து அழிந்து போய், விடயம் நீதிமன்றம்வரை சென்றது. பொறியியலாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிற இடத்தின் நிலை இது. அட்டாளைச்சேனையில் ஒரு ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் ஒற்றைக் கணினிக்கு யார் இருக்கிறார்கள்?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் இப்படியான கணினிகள் பல உண்டு. பள்ளிவாசல் நிர்வாக அறையில் ஒன்று, விவசாய அமைப்பின் செயலாளர் வீட்டில் ஒன்று, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று, சந்தியில் இருக்கும் கொமினிகேஷன் கடையில் ஒன்று. அவற்றுக்குள் கிடப்பவை சாதாரணக் கோப்புகள் அல்ல. எந்தக் குடும்பத்துக்கு எந்த நிவாரணம் கிடைத்தது, யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை, எந்த வயற்காணிக்கு எந்தப் பெர்மிட், காணாமற்போன மகனுக்காக ஒரு தாய் எந்தெந்த ஆணைக்குழுவின் முன் எந்தத் திகதியில் சாட்சியம் சொன்னார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அத்தகைய கணினி ஒன்றின் முன்னால் உட்காரும் செயலாளருக்காக எழுதப்படுகிறது. செலவு மிகக் குறைவு. விண்டோஸ் கணினியில் ஏற்கனவே இருக்கும் கருவிகளும் வெளியே செருகும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் போதும்.

கடதாசி போனால் என்ன ஆகும் என்பது நமது வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பலர் காணி உறுதியை எடுக்கக்கூட அவகாசம் இன்றிப் புறப்பட்டார்கள். பின்னர் மீள்குடியேற்றத்தின்போது அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது அந்த உறுதிதான். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிறு காலை, இந்தக் கரையில் கடல் ஏறியது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு அடையாள அட்டை இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, வங்கிப் புத்தகம் இல்லை. இறப்பைப் பதிவதற்கும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் சொத்துப் பிரச்சினைகளுக்கும் 2005இல் 16ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் ஒன்றே கொண்டுவர வேண்டியிருந்தது.

போர் முடிந்த பின்னரும் இதே கதைதான். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் சட்டம் 2018இல் வந்தது. இடையில் எத்தனையோ படிவங்கள், விசாரணைகள். ஒவ்வொரு முறையும் குடும்பம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னர் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கமும் திகதியும் கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கருமபீடத்தின் முன்னால் உள்ள வித்தியாசம் பெரியது.

நொத்தாரிசின் பழைய முறை

பிரதி எடுக்கும் கலையைக் கணினிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. நமது காணி உறுதியைப் பாருங்கள். நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது மூலப் பிரதி காணி வாங்கியவருக்குப் போகிறது. இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. மூன்றாவது நொத்தாரிசிடமே இருக்கிறது. மூன்றிலும் ஒரே இலக்கம், ஒரே திகதி. வீட்டுக்குள் கடல் வந்து மூலப் பிரதியைக் கொண்டுபோனாலும், இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் பதிவகத்தில் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

கணினிப் பாதுகாப்பு நூல்கள் இன்று சொல்லும் விதி ஏறத்தாழ இதுவே: மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில். நொத்தாரிசின் முறைக்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பிந்திய உறுதி முந்திய உறுதியை அழிப்பதில்லை. காணி கைமாறினால் புதிய இலக்கத்தில், புதிய திகதியில் இன்னொன்று எழுதப்படுகிறது, பழையதும் அடுக்கில் இருக்கிறது. கணினியில் நாம் தவறவிடுவது இதைத்தான். பென்ட்ரைவில் இருக்கும் பழைய கோப்பின் மேல் புதியதைப் போட்டு, 'மாற்றட்டுமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்திவிட்டு, பிரதி எடுத்தாயிற்று என்று எழுந்து போகிறோம்.

அதில் என்ன பிழை? ஒரு பயனாளிகள் பட்டியலை எக்செலில் எடுத்துக்கொள்வோம். பெயர்களை அகர வரிசைப்படுத்த நினைத்த ஒருவர் பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து அடுக்கிவிடுகிறார். பெயர்கள் இடம் மாறுகின்றன, அடையாள அட்டை இலக்கங்கள் அப்படியே நிற்கின்றன. ஒருவரின் பெயருக்கு நேரே இன்னொருவரின் இலக்கம். பார்வைக்குப் பட்டியல் ஒழுங்காகவே தெரியும். சேமித்து மூடுகிறார். மாலையில் பென்ட்ரைவிலும் அதே பட்டியல் பழையதன் மேல் ஏறுகிறது. மூன்று வாரம் கழித்துப் பிரதேச செயலகத்தில் இலக்கம் பொருந்தவில்லை என்று ஒருவர் திருப்பி அனுப்பப்படும்போதுதான் விடயம் தெரியவரும். அப்போது கையில் இருக்கும் இரண்டு பிரதிகளும் பிழையானவை. நேற்றைய பிரதி உதவாது, மூன்று வாரத்துக்கு முந்தியது வேண்டும். திகதியிட்ட பிரதி என்பதன் தேவை இவ்வளவுதான்.

கையால் செய்தால் இது நீடிக்காது. முதல் வாரம் ஒவ்வொரு நாளும் நடக்கும், இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நோன்பு வந்தால் நின்றுவிடும். செயலாளர் மாறினால் முழுவதும் மறந்துபோகும். ஆகவே இயந்திரத்திடம் விடுவதே நல்லது.

பேட்ச் கோப்பு என்றால் என்ன

கணினிக்குச் சொல்லவேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு சாதாரண எழுத்துக் கோப்பே பேட்ச் கோப்பு. விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. நோட்பேட்டில் எழுதலாம். பெயரின் இறுதியில் புள்ளி வைத்து 'பேட்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவேண்டும். நோட்பேட் தானாகப் பின்னால் 'டெக்ஸ்ட்' வால் ஒன்றை ஒட்டிவிடும் என்பதால், சேமிக்கும்போது கோப்பு வகையில் 'எல்லாக் கோப்புகளும்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். பலர் முதலில் இடறி விழுவது இங்கேதான்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்யவேண்டும். தொலைபேசியில் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவதுபோல இங்கே உச்சரிப்பில் தருகிறேன். ஆங்கிலம் தட்டத் தெரிந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் அரை மணி நேர வேலை.

முதல் வேலை, இன்றைய திகதியைப் பெறுவது. பேட்ச் மொழியில் 'டேட்' என்றொரு மாறி இருக்கிறது. அதை அப்படியே பாவிப்பது எளிது போலத் தோன்றும். ஆனால் அது தரும் விடை கணினியின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. ஒரு கணினியில் நாள் முதலில் வரும், இன்னொன்றில் மாதம் முதலில் வரும், வேறொன்றில் கிழமையின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். 03/04 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? போதாக்குறைக்கு இடையில் வரும் சாய்கோட்டை விண்டோஸ் கோப்புறைப் பெயரில் அனுமதிக்காது. பழைய வழிகாட்டிகள் இதற்கு 'டபிள்யூமிக்' என்ற கருவியைச் சொல்லும். விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது இயல்பாக வருவதில்லை. எனவே பவர்ஷெல்லிடம் கேட்பதே நிலையான வழி. 'கெட்-டேட்' என்ற கட்டளைக்கு 'ஃபார்மட்' என்று சொல்லி, சிறிய எழுத்தில் நான்கு ஒய், ஒரு சிறுகோடு, பெரிய எழுத்தில் இரண்டு எம், இன்னொரு சிறுகோடு, சிறிய எழுத்தில் இரண்டு டி என்று கொடுக்க வேண்டும். எம் எழுத்துகளைச் சிறிதாகப் போட்டால் கணினி அதை நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும், மாதம் இருக்கவேண்டிய இடத்தில் 47 என்று ஏதாவது வந்து நிற்கும்.

பவர்ஷெல் தரும் விடையை வாங்கி ஒரு மாறியில் வைக்க, பேட்ச் மொழியின் 'ஃபோர்' கட்டளையைச் 'சாய்கோடு எஃப்' சேர்த்துப் பாவிக்கலாம். கோப்புக்குள் எழுதும்போது 'ஃபோர்' மாறியின் முன்னால் விழுக்காட்டுக் குறியை இரண்டு தடவை இடவேண்டும். ஒரு தடவை இட்டால் வேலை செய்யாது, ஏன் என்றும் தெளிவாகச் சொல்லாது.

ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. கோப்புறைகளைப் பெயர்ப்படி அடுக்கினால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து முதலாம் திகதிகளும் ஒன்றாகக் கூடிவிடும்.

இரண்டாவது வேலை, போய்ச்சேரும் இடம் சரியானதா என்று பார்ப்பது. இன்று எஃப் என்ற எழுத்தில் நிற்கும் ஹார்ட் டிஸ்க், நாளை யாரோ ஒருவரின் பென்ட்ரைவ் முதலில் செருகப்பட்டால் ஜி ஆகிவிடும். விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் ஹார்ட் டிஸ்க்குக்கு அகர வரிசையின் கடைசி எழுத்துகளில் ஒன்றை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். அதோடு அந்த டிஸ்க்கில் ஓர் அடையாளக் கோப்பை வைத்து, 'இஃப் எக்ஸிஸ்ட்' கட்டளையால் அது இருக்கிறதா என்று சோதிக்கலாம். இல்லையென்றால் 'டிஸ்க் இல்லை' என்று பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு நிறுத்தவேண்டும். சங்கத்தின் விதவைகள் பட்டியல் வேறொருவரின் பென்ட்ரைவில் ஏறிப் போவதைத் தடுக்கும் வரி இது.

மூன்றாவது, பிரதி எடுக்கும் வரி. 'ரோபோகாப்பி' என்ற கருவி விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து எல்லாக் கணினியிலும் உடன் வருகிறது. பழைய எக்ஸ்பி கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே 'எக்ஸ்காப்பி'தான் கிடைக்கும். ரோபோகாப்பிக்கு முதலில் மூலக் கோப்புறை, அடுத்து டிஸ்க்கில் நாம் உருவாக்கிய திகதியின் பெயர்கொண்ட கோப்புறை, பிறகு சில ஆணைகள். 'சாய்கோடு ஈ' என்றால் உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புறைகளையும், வெறுமையானவை உட்பட, கொண்டு போகும். பாதையின் பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்கவேண்டும், ஆனால் மூடும் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு விடக்கூடாது. விட்டால் கட்டளை குழம்பும்.

ஓர் ஆணையை மட்டும் தொடவேண்டாம் என்பேன்: 'சாய்கோடு எம்-ஐ-ஆர்'. கண்ணாடிப் பிரதி என்பது அதன் பொருள். மூலத்தில் இல்லாத எதையும் பிரதியிலிருந்தும் அழித்துவிடும். கணினியில் தவறுதலாக அழிந்த கோப்பை அடுத்த ஓட்டத்தில் டிஸ்க்கிலும் அழித்து, இரண்டையும் ஒரேமாதிரி ஆக்கிவிட்டேன் என்று அறிக்கையும் தரும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகள் பலவற்றில் இது இருக்கிறது.

கட்டாயம் சேர்க்கவேண்டிய இரண்டு ஆணைகளும் உண்டு. ஒரு கோப்பு பூட்டியிருந்தால் ரோபோகாப்பி மீண்டும் முயலும். இயல்பில் எத்தனை தடவை தெரியுமா? பத்து இலட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 30 வினாடி காத்திருந்து. மூட மறந்த ஒரு கோப்புக்காக நாட்கணக்காக நிற்கும். 'சாய்கோடு ஆர்' என்பதற்கு 2 என்றும் 'சாய்கோடு டபிள்யூ' என்பதற்கு 5 என்றும் கொடுத்தால், இரண்டு தடவை முயன்றுவிட்டு அடுத்ததுக்குப் போகும். கடைசியாகப் பதிவுக் கோப்பு. கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தால் 'லாக்' என்பதற்குப் பதிலாக 'யுனிலாக்' என்ற ஆணையைப் பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

முதல் ஓட்டத்துக்கு முன் 'சாய்கோடு எல்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எதையும் பிரதி எடுக்காது, எதை எடுக்கப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். சரியென்றால் அதை நீக்கிவிடலாம்.

வேலை முடிந்ததும் ரோபோகாப்பி ஓர் எண்ணைத் தரும். பொதுவாகக் கணினியில் 0 என்றால் வெற்றி, வேறெதுவும் பிழை. இங்கே அப்படியல்ல. 1 என்றால் கோப்புகள் நல்லபடி பிரதியாயின என்று பொருள். 7 வரை கவலையில்லை. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஏதோ ஒன்று பிரதியாகவில்லை. இது தெரியாமல் 1 என்ற விடையைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

எந்த நேரத்தில்

விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' குறித்த நேரத்தில் இந்தக் கோப்பை ஓட்டும். வழிகாட்டிகள் எல்லாம் நள்ளிரவு என்று சொல்லும். நகரத்து அலுவலகங்களுக்கு அது சரி. இங்கே மாலையில் கணினியை அணைத்து, செருகியையும் கழற்றிவிட்டுத்தான் போகிறோம். ளுஹர் தொழுகைக்காக மேசையை விட்டு எழும் நேரம் பொருத்தமானது. எழும்போது கோப்புகளைச் சேமித்து மூடிவிட்டுப் போனால் போதும். சேமிக்காத மாற்றங்கள் பிரதியில் வரா, திறந்து கிடக்கும் சில கோப்புகள் பிரதியே ஆகா.

மின்சாரத்தை நம்பமுடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். ஆகவே ஷெட்யூலரின் அமைப்புகளில், குறித்த நேரம் தவறினால் இயன்றவரை விரைவில் ஓட்டு என்ற தெரிவை இடவேண்டும். இயல்பில் அது இடப்பட்டிருக்காது. மடிக்கணினி என்றால், மின்இணைப்பில் இருக்கும்போது மட்டும் ஓட்டு என்ற தெரிவு இயல்பாகவே இடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். மின்வெட்டு நாட்களில் அந்த ஒரு தெரிவினால் ஒரு பிரதியும் எடுபடாமல் போகலாம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். நாளாந்தம் மாறும் பட்டியல்களும் கடிதங்களும் 500 எம்பி என்றால் முப்பது நாளுக்கு 15 ஜிபி. பெரிய விடயமல்ல. சுமை தருபவை ஸ்கேன் செய்த உறுதிகளும் புகைப்படங்களும்தான். அவை மாறுவதில்லை, ஆகவே தினமும் பிரதி எடுக்கத் தேவையில்லை. கணினியில் இரண்டு கோப்புறைகளைப் பிரித்து வையுங்கள், ஒன்று மாறுபவை, மற்றது மாறாதவை. முதலாவதுக்குத் தினசரித் திகதிப் பிரதி, இரண்டாவதுக்கு மாதம் ஒன்று. பழைய பிரதிகளைக் குறைக்க, கடைசி ஏழு நாட்களையும், நான்கு வாரங்களுக்கு வாரம் ஒன்றையும், பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் ஒன்றையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. பாட்டன், தந்தை, மகன் முறை என்று அதற்குப் பெயர்.

பழையதை அழிக்கும் வேலையையும் இயந்திரத்திடம் விடலாமா? 'ஃபோர்ஃபைல்ஸ்' என்ற கட்டளை அதைச் செய்யும். ஆனால் அது பார்ப்பது கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட திகதியை. ரோபோகாப்பி பிரதி எடுக்கும்போது மூலத்தின் திகதியை அப்படியே கொண்டுவருகிறது. 2009இல் ஸ்கேன் செய்து பின்னர் தொடாத ஓர் உறுதி, நேற்றைய பிரதிக்குள் இருந்தாலும் கட்டளையின் கண்ணுக்குப் பழையது. முப்பது நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழி என்று உள்ளே இறங்கிச் சொன்னால் முதலில் போவது அதுதான். மாதம் ஒருமுறை கண்ணால் பார்த்துக் கையால் அழிப்பதே நமக்கு ஏற்றது.

பாமினி எழுத்துரு

நமது ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய கடிதங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், பாமினி என்ற முகமூடி அணிந்ததால் தமிழாகத் தெரிகின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். நாளை வேறொரு கணினியில் மீட்கும்போது திகைத்து நிற்காமல் இருக்க, எழுத்துருக் கோப்பையும் 'மாறாதவை' கோப்புறைக்குள் போட்டு வையுங்கள். நேரம் கிடைக்கும்போது முக்கியமானவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பின் பெயர்களையும் இலக்கங்களையும் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

பேட்ச் கோப்புக்குள் கோப்புறைப் பெயரைத் தமிழில் எழுதினாலும் சிக்கல் வரும். மேல்மட்டக் கோப்புறையின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துவிட்டால் உள்ளே எத்தனை தமிழ்ப் பெயர்கள் இருந்தாலும் ரோபோகாப்பி சரியாகக் கொண்டுபோகும்.

கைப்பேசி பற்றியும் ஒரு வார்த்தை. உறுதியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பலர் பிரதி என்று நினைக்கிறார்கள். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். முத்திரையும் சிறிய எழுத்தும் வாசிக்க முடியாமல் போகலாம். அனுப்பத்தான் வேண்டுமென்றால் படமாக அல்ல, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது

கணினியோடு எந்நேரமும் செருகியிருக்கும் டிஸ்க் ரான்சம்வேரிலிருந்து தப்பாது, 2023 ஆகஸ்டில் நடந்தது அதுதான். ஆகவே இரண்டு டிஸ்க்குகள் வேண்டும். ஒன்று வேலை நாட்களில் செருகியிருக்கலாம். மற்றதை வியாழன் பின்னேரம் செருகி, திகதிக் கோப்புறைகளைப் பிரதி எடுத்து, கழற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் அடையாளக் கோப்பு இருக்கட்டும்.

வெளியே என்றால் எங்கே? பாலமுனையிலோ ஒலுவிலிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் உறவினர் வீடு நினைவுக்கு வரும். வரைபடத்தைப் பாருங்கள். நமது ஊர்கள் எல்லாம் ஒரே வீதியில் ஒரே கடலைப் பார்த்து அடுக்கியிருக்கின்றன. 2004இல் மருதமுனைக்கும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் வந்தது ஒரே அலை. ஆகவே பிரதி கடலை விட்டு உள்ளே போகவேண்டும், சம்மாந்துறைக்கோ இறக்காமத்துக்கோ. கண்டியில் படிக்கும் பிள்ளையிடமும் கொழும்பில் தொழில் செய்யும் மச்சானிடமும் ஆறு மாதத்துக்கு ஒன்று கொடுத்துவிடலாம். பென்ட்ரைவை நீண்டகாலம் நம்பவேண்டாம். உப்புக்காற்று அதன் உலோக முனையைத் தின்னும். வருடக்கணக்காக மின்சாரம் படாமல் அலுமாரியில் கிடந்தால் உள்ளே இருப்பதும் மங்கிப்போகக்கூடும்.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது, அது இன்னும் தூரத்து ஊர் என்பது உண்மை. ஆனால் கணினிக் கோப்புறையோடு ஒத்திசைத்து வைத்தால் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும், குப்பைக் கூடையில் 30 நாள் மட்டும் இருக்கும். எக்செல் உதாரணத்தின் மூன்று வாரத்துக்கு அது மட்டுமட்டாகப் போதும், மூன்று மாதத்துக்குப் போதாது.

இனிச் சொல்வது இவை எல்லாவற்றிலும் கடினமானது. நம்மிடம் இருக்கும் பட்டியல்கள் சில, தொலைவதைவிடத் தவறான கைக்குப் போவதுதான் ஆபத்தானவை. யார் சாட்சியம் சொன்னார், யாரை அடையாளம் காட்டினார், எந்த வீட்டில் ஆண் துணை இல்லை என்பன அவற்றில் இருக்கின்றன. பிரதிகள் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்துக்கு முன்னாலேயே அது அமானிதம். ஊரைவிட்டு வெளியே போகும் டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டியே அனுப்பவேண்டும். விண்டோஸின் உயர் பதிப்புகளில் 'பிட்லொக்கர்' இருக்கிறது. இல்லாதவர்கள் 'வெராகிரிப்ட்' என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கலாம். கடவுச்சொல்லைப் பேட்ச் கோப்புக்குள் எழுதி வைக்காதீர்கள், நோட்பேட்டில் திறக்கும் எவரும் வாசிப்பார். அதே நேரம் ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் அவர் மௌத்தானதும் எல்லாம் பூட்டியபடியே கிடக்கும். நிர்வாகத்தில் இருவர் கடதாசியில் எழுதி, இரண்டு வீடுகளில் வைத்திருப்பது நல்லது. சாட்சியங்கள் போன்ற மிக நுண்ணியவற்றைப் பூட்டாத டிஸ்க்கிலோ எவருடைய கைப்பேசியிலோ வைக்கவே வேண்டாம்.

மாத இறுதியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, மூன்று வாரத்துக்கு முந்திய ஒரு திகதியைத் தெரிவுசெய்து, அதிலிருந்து ஒரு பட்டியல், ஒரு பாமினிக் கடிதம், ஓர் உறுதியின் ஸ்கேன் மூன்றையும் திறந்து பாருங்கள். பெயருக்கு நேரே சரியான இலக்கம் நிற்கிறதா, எழுத்து வாசிக்க முடிகிறதா, முத்திரை தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். பார்த்த திகதியையும் பார்த்தவரின் பெயரையும் ஒரு சிறு கடதாசியில் எழுதி டிஸ்க்கின் உறையில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் செயலாளர் முதலில் வாசிப்பது அதைத்தான்.